கிராஃபிக் டிசைனர் ஆக வேண்டுமா? வட சென்னைக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டிசைன் கற்க வேண்டும் என்றதும் பலர் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் தெருவில் இறங்குங்கள்.

படி 1: யார் படிக்கிறார் என்று பாருங்கள்

எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் போகிறவருக்குக் கடைப் போர்டைப் படிக்க ஓரிரு நொடிதான் கிடைக்கும். காசிமேட்டில் மீன் வாங்க வருபவர் நின்றே படிப்பார். ஆனால் கை ஈரம், சாதா தாள் நோட்டீஸ் நைந்துவிடும். தொழிற்சாலை வாசலில் நிறத்துக்கே அர்த்தம் உண்டு: ஐஎஸ்ஓ 7010 தரப்படி சிவப்பு தடை, மஞ்சள் எச்சரிக்கை, நீலம் கட்டாயம், பச்சை பாதுகாப்பு வழி. அழகுக்காக இதை மாற்றக் கூடாது.

படி 2: தமிழ் எழுத்தோடு மல்லுக்கட்டுங்கள்

பாதி டிசைனர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். தமிழ்ச் சொல் நீளம். ஆங்கிலத்துக்கு வரைந்த கட்டத்தில் அடங்காது. மேலே ‘கீ’யின் சுழியும் கீழே ‘கு’வின் வளைவும் முட்டாமலிருக்க வரி இடைவெளியைக் கூட்டுங்கள். ரொம்பத் தடித்த எழுத்தில் ‘ண’, ‘ஞ’ இரண்டும் தூரத்திலிருந்து கறுப்புத் திட்டாகிவிடும். கேட்டமரான், முக்த மலர், பலூ தம்பி போன்ற யூனிகோட் எழுத்துருக்கள் இலவசம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல் வந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். போட்டோஷாப்பில் கொம்பு இடம் மாறி நின்றால், டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வைப் போடுங்கள்.

படி 3: மென்பொருள்

அச்சுக் கடைகளில் கோரல்டிராவும் போட்டோஷாப்பும் புழங்குகின்றன. காசில்லையா? இங்க்ஸ்கேப், கிம்ப் இரண்டும் இலவசம். முறையான படிப்புக்கு, 1850இல் தொடங்கிய எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது.

படி 4: அச்சுக்கு அனுப்புதல்

விசிட்டிங் கார்டுக்கு 300 டிபிஐ, சுற்றிலும் 3 மி.மீ. கூடுதல் ஓரம். பத்தடி ஃப்ளெக்ஸுக்கு முழு அளவில் 72 முதல் 100 வரை போதும். அதற்கு மேல் ஏற்றினால் ஃபைல்தான் கனக்கும். நிறம் அச்சுக்கான சிஎம்ஒய்கே முறையில் இருக்கட்டும். எழுத்துகளைக் கர்வ் (வரைகோட்டு வடிவம்) ஆக்கி அனுப்புங்கள்.

இன்னொன்று: 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். பேனர் எங்கே வைக்கப்போகிறார்கள், அனுமதி வாங்கியாயிற்றா என்று கேட்பதும் உங்கள் வேலைதான்.

படி 5: கூலி பேசுதல்

காதுகுத்து, கோயில் திருவிழா, குத்துச்சண்டைப் போட்டி என்று முதல் ஆர்டர்கள் தெரிந்தவர்களிடமிருந்தே வரும். ‘தம்பி, சும்மா ஒண்ணு போட்டுக் குடு’ என்பார்கள். பாதிப் பணம் முன்பணம், இரண்டு திருத்தம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாவது திருத்தத்துக்குத் தனிக் காசு. திருத்தக்கூடிய ஓப்பன் ஃபைல் கேட்டால் அதற்கும்.