வால்வு மேல் பழி போடாதீர்கள்

வால்வு ஆம்ப் ஊமையானால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "வால்வு போயிருக்கும்." என் கிதார் ஆம்புக்கும் சென்னையில் ஒரு மெக்கானிக் அதையே சொன்னார். மூடியைத் திறக்குமுன்பே சொன்னார். இரண்டு 6எல்6, மூன்று 12ஏஎக்ஸ்7, ஐந்தையும் மாற்றி 15,000 ரூபாய்க்கு மேல் பில் போட்டார். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனம் 1961-இல் வால்வு செய்யத் தொடங்கியது. அந்தக் காலமாக இருந்தால் ரேடியோக் கடையிலேயே கிடைத்திருக்கும். இன்று ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று எங்கிருந்தாவது வரவேண்டும், வரும்போதே விலையோடு வரும். "6எல்6 மாற்றினீர்களே, பயாஸ் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். முறைத்தார்.

சத்தம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஐப்பசி மழை பிடித்ததும் மறுபடி போய்விட்டது. இந்த முறை அவர் தீர்ப்பு, "அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அவுட்." நான் காக்களூர் சிட்கோவில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். மெஷின் ஓடவில்லை என்றால் நேராக மோட்டாரையா மாற்றுவோம் என்றேன். "அது ஃபேக்டரி சார், இது ஆடியோ" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே ஆம்பைத் தூக்கிக்கொண்டு திருவள்ளூர் லோக்கலில் ஏறினேன்.

பிளக், ஃப்யூஸ், கிதார் கேபிள், ஸ்பீக்கர் கேபிள், ஸ்டாண்ட்பை சுவிட்ச் இதெல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டால் இப்போது பாருங்கள். அதற்குப் பிறகுதான் விஷயம். ஸ்பீக்கரில் காதை வையுங்கள். லேசாக 'உஸ்' என்றோ 'ம்ம்' என்றோ கேட்டால் பவர் பகுதிக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஸ்பீக்கருக்கும் உயிர் இருக்கிறது. எனக்குக் கேட்டது. வால்யூமை முழுக்கத் திருப்பினேன், அந்த 'உஸ்' கொஞ்சம்கூடக் கூடவில்லை. அப்படியென்றால் பவர் பகுதிக்கு முன்னால் எங்கோ லைன் அறுந்திருக்கிறது. பேனலில் நாங்கள் தினமும் செய்வதுதான் இது: நடுவில் வெட்டிப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

பல ஆம்புகளின் பின்பக்கம் 'ப்ரீஆம்ப் அவுட்', 'பவர் ஆம்ப் இன்' என்று இரண்டு ஜாக் இருக்கும். சில ஆம்பில் 'சென்ட்', 'ரிட்டர்ன்' என்று எழுதியிருக்கும். ஒரு சின்ன பேட்ச் கேபிளை எடுத்து இரண்டையும் இணைத்தேன். வீடு அதிர்ந்தது.

காரணம் எளிது. 'பவர் ஆம்ப் இன்' ஜாக்கில் எதுவும் செருகாதபோது உள்ளே ஒரு தகடு இன்னொன்றைத் தொட்டுக்கொண்டு, சிக்னலை முன்பகுதியிலிருந்து பின்பகுதிக்குக் கடத்தும். கான்டாக்டரில் இருக்கும் அதே என்.சி. காண்டாக்ட். யாரும் அந்த ஜாக்கைத் தொடுவதில்லை. ஈரக்காற்றில் தகட்டில் மெல்லிய படலம் படிகிறது, சிக்னல் நின்றுவிடுகிறது. வால்வு மாற்றியபின் அந்த மெக்கானிக் இதே ஜாக்கில் ஒரு கேபிளைச் செருகி எடுத்துச் சோதித்ததை நான் கண்ணால் பார்த்தேன். அந்த உரசலில் தகடு சுத்தமாகியிருக்கும். பேர் மட்டும் புது வால்வுக்குப் போனது.

கரன்ட்டை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எலக்ட்ரானிக் காண்டாக்ட் கிளீனரைப் பேட்ச் கேபிள் முனையில் அடித்து, அந்த ஜாக்கில் பலமுறை செருகி எடுத்தேன், காயவிட்டேன். செலவு சில நூறு ரூபாய். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், அது பிசுக்கை விட்டுப்போகும். என்னைப் போல உங்களுக்கும் சனி இரவு ஷிப்ட் முடிந்து வந்து ஞாயிறு காலை சபையில் வாசிக்க வேண்டியிருக்கலாம். அவசரத்துக்கு அந்தப் பேட்ச் கேபிளை அப்படியே விட்டுவிட்டு வாசியுங்கள், ஒன்றும் ஆகாது.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு மட்டும் ஆம்பை ஓடவிடாதீர்கள். அப்போதுதான் டிரான்ஸ்ஃபார்மர் நிஜமாகவே போகும். சேஸிஸையும் திறக்காதீர்கள். உள்ளே கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கும். 415 வோல்ட் பேனலில் கை வைக்கும் நானே திறக்கவில்லை.

"இதுக்குத்தான் டிஜிட்டல் வாங்கச் சொன்னோம்" என்று நண்பர்கள் இன்னும் சொல்கிறார்கள். ஜாக் தகடு டிஜிட்டலிலும் தகடுதான். கடைக்குப் போயே ஆகவேண்டும் என்றால் கழற்றிய பழைய வால்வுகளைக் கையோடு கேட்டு வாங்குங்கள். நான் கேட்டபோது "தூக்கிப் போட்டாச்சு" என்றார். ஐந்தும் நல்ல வால்வுகள். இப்போது யார் ஆம்பில் எரிகின்றனவோ.