பொத்தான் தொலைபேசி ஒலியால் பம்புசெட்டை இயக்குதல்
பொத்தான் தொலைபேசியில் எண்ணை அமுக்கினால் 'பீப்' என்று ஒலி எழும். 1963-இல் அமெரிக்காவில் வழக்கத்திற்கு வந்த முறை இது. ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு சுருதிகள் சேர்ந்து ஒலிக்கும். 1-க்கு விநாடிக்கு 697, 1209 அதிர்வுகள். கைபேசி வந்தபின் அழைப்பதற்கு இந்த ஒலி தேவையில்லை. ஆயினும் பேச்சின் நடுவே அமுக்கினால் மறுமுனைக்கு இன்றும் கேட்கும். உழவர் பெருமக்களே, இதைக் கொண்டே கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்து இயக்கலாம்.

ஸ்டார்ட்டருடன் இணைக்கும் கருவியில் ஒரு சிம் இருக்கும். அதை அழைத்து, குறித்த எண்ணை அமுக்கினால் மோட்டார் ஓடும். வேறோர் எண்ணுக்கு நிற்கும். எந்த எண் எதற்கு என்பது கருவிக்குக் கருவி மாறும். இணையம் வேண்டாம், சாதாரண பொத்தான் கைபேசியே போதும். நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வந்தால், பாம்புக்கு அஞ்சிக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டியதில்லை.

பல கருவிகள் 2ஜியில் மட்டுமே இயங்கும். 4ஜி மட்டும் தரும் நிறுவனத்தின் சிம் அவற்றில் வேலை செய்யாது. கிணற்றடியில் சிக்னல் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரீசார்ஜ் தவறினாலும் கருவி பயன்படாது. வீட்டார் எண்களை மட்டும் பதியவும். ஒரு முனை விடுபட்டாலும், தண்ணீர் வற்றினாலும் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவியாகக் கேட்டு வாங்கவும். ஆளில்லாமல் ஓடும் மோட்டாருக்கு இது மிக அவசியம். காயில் கருகினால் செலவு சிறிதல்ல.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. நீங்கள் கிணற்றடியில் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது, அதை அறியாமல் வீட்டில் மகன் எண்ணை அமுக்கிவிடலாம். ஆகவே பழுது பார்க்குமுன் மெயின் சுவிட்சை இறக்கி, பியூஸ் கட்டைகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே கை வையுங்கள்.