விளக்கெண்ணெய் குடிக்கும் குட்டி என்ஜின்

வயிறு சரியில்லை என்றால் பாட்டி கொடுக்கிற விளக்கெண்ணெயை ஆகாய விமானமும் குடித்திருக்கிறது, தெரியுமா? முதல் உலகப்போரில் (1914–1918) பறந்த பல போர் விமானங்களின் சுழல் என்ஜின்களுக்கு ஆமணக்கு எண்ணெய்தான் ஊற்றினார்கள். எரியாத எண்ணெய் புகையோடு சேர்ந்து விமானியின் முகத்தில் அடிக்கும். அவர் வயிறு என்ன பாடு பட்டிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்! பெரிய விமானங்கள் பிறகு அந்த எண்ணெயை விட்டுவிட்டன. மாதிரி விமானங்களின் குட்டி என்ஜின்கள் மட்டும் விடவில்லை. அப்படிப்பட்ட பழைய குட்டி என்ஜினை எப்படிப் பிரிப்பது, எப்படிப் பாதுகாப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் சாண்டா அனா என்று ஒரு ஊர். அங்கே இருந்த காக்ஸ் கம்பெனி 1950-களில் 'பேப் பீ 049' என்ற என்ஜினை விற்க ஆரம்பித்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் இதைச் சின்ன விமானத்தில் மாட்டி, இரண்டு கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, தங்களைச் சுற்றிச் சுற்றிப் பறக்கவிடுவார்கள். 049 என்றால் 0.049 கன அங்குலம். நம் கணக்கில் பார்ப்போம். சிலிண்டரின் விட்டம் சுமார் 10.3 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் சுமார் 9.8 மி.மீ. உருளையின் கன அளவு πr²h என்று படித்திருக்கிறோம் அல்லவா? போட்டுப் பாருங்கள், 0.8 சி.சி. சொச்சம் வரும். பழைய டி.வி.எஸ். 50 வண்டியின் என்ஜினில் அறுபதில் ஒரு பங்குதான்! ஆனால் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். விரலை விசிறிக்குள் விட்டால் அவ்வளவுதான்.

இதுவும் டூ ஸ்ட்ரோக் என்ஜின்தான். ஆனால் பொறி விடும் ஸ்பார்க் பிளக் கிடையாது. தலைமூடிக்குள்ளே பிளாட்டினம் கலந்த ஒரு சுருள் கம்பி இருக்கிறது. 1.5 வோல்ட் பேட்டரியைத் தொடுத்தால் கம்பி பழுக்கும். என்ஜின் ஓட ஆரம்பித்ததும் பேட்டரியை எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின்மேல் பட்டு வேதிவினை நடக்கிறது. அந்தச் சூடும், உள்ளே அமுங்குகிற காற்றின் சூடும் சேர்ந்து கம்பியைத் தணலாகவே வைத்திருக்கும். பிளாட்டினம் இங்கே வினையூக்கி. மெத்தனால், நைட்ரோமீத்தேன், விளக்கெண்ணெய் மூன்றும் கலந்ததுதான் எரிபொருள். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய்.

தொல்லையும் அந்த எண்ணெயால்தான். குத்துவிளக்கைப் பல நாள் தேய்க்காமல் விட்டால் எண்ணெய்ச் சிக்கு பிடித்துக் கோந்து மாதிரி இறுகிவிடும் இல்லையா? இருபது, முப்பது வருடம் அட்டைப் பெட்டியில் கிடந்த என்ஜினுக்குள்ளேயும் அதேதான் நடக்கிறது. பிஸ்டன் அசையாது. பார்க்கிறவர்கள் "செத்துப்போச்சு" என்று சொல்லி, கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகுவார்கள். உண்மையில் அதற்குமுன் என்ஜின் நன்றாகத்தான் இருந்திருக்கும். திருகினபோதுதான் செத்திருக்கும்! ஓடித் தேய்ந்ததைவிட, பிரிக்கிறேன் என்று கிளம்பியவர்கள் கையில் போன என்ஜின்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

சைக்கிள் கடையில் எதற்கும் மண்ணெண்ணெய்தான். ஆனால் விளக்கெண்ணெய்க்கு அது சரிப்படாது. மற்ற எண்ணெய்கள் மண்ணெண்ணெயில் சட்டென்று கரையும், ஆல்கஹாலில் கரையாது. விளக்கெண்ணெய் இதற்கு நேர்மாறு. அதன் மூலக்கூறில் ஆல்கஹாலில் இருப்பது போன்ற ஹைட்ராக்சில் தொகுதி (OH) இருப்பதே காரணம். மெத்தனாலோடு கலக்க இதைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். ஆகவே என்ஜினை மூடிபோட்ட டப்பாவில் மெத்தனாலில் ஓரிரு நாள் ஊறப்போட வேண்டும். அவசரப்படக் கூடாது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். மெத்தனால் கொடிய விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். கொஞ்சம் உள்ளே போனாலே கண் பார்வை போய்விடும். ஆவியை முகரவும் கூடாது, கையிலும் படக் கூடாது. அது எரியும்போது பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே தெரியாது. அதனால் நம்மைப் போன்றவர்கள் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம். மெத்தனால் வேண்டாம் என்கிறவர்கள் ஹேர் டிரையரால் சூடான காற்று காட்டியே சிக்கை இளக்குகிறார்கள். அதுவும் நல்ல வழிதான். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது!

விசிறி விரலுக்கு இளகிச் சுற்றினால்தான் பிரிக்க ஆரம்பிக்கலாம். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள், கடுகு சைஸ் சாமான் உருண்டோடினால் சிமெண்டுத் தரையில் தெரியாது. முதலில் விசிறி. பிறகு தலைமூடி. அதன் அடியில் மெல்லிய செம்பு வளையம் இருக்கும், அது பேக்கிங், தொலைக்காதீர்கள். அடுத்து சிலிண்டர். அது மரை போட்டுத்தான் முடுக்கியிருக்கிறது. இதற்கென்றே கம்பெனி தகட்டு ஸ்பேனர் ஒன்று கொடுத்தது. அது இல்லை என்பதற்காகப் புகை போகும் ஓட்டைக்குள் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினால் உள்சுவரில் கீறல் விழும். இந்த பிஸ்டனுக்கு ரிங்கே கிடையாது. சிலிண்டரும் பிஸ்டனும் அவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதால்தான் காற்று கசியாமல் அமுங்குகிறது. தலைமுடி அளவு கீறல் போதும், காற்று கசிந்துவிடும். உப்புத்தாள், சாம்பல், புளி எதுவும் கிட்டே வரக் கூடாது. சோடா உப்புக் காரமும் வேண்டாம், காரம் அலுமினியத்தைத் தின்றுவிடும். பழைய டூத் பிரஷ் போதும்.

பின்பக்கம் நான்கு நீள ஸ்க்ரூ இருக்கும். கழற்றினால் எரிபொருள் டப்பா தனியாக வந்துவிடும். அதற்குள் மெல்லிய குழாய் ஒன்று இருக்கிறது, வயசானால் வெடித்திருக்கும், மாற்ற வேண்டும். டப்பாவுக்கும் என்ஜினுக்கும் நடுவே ஒரு குட்டி இலைத்தகடு உண்டு. நம் மூக்கு மூச்சை இழுப்பது மாதிரி, என்ஜின் இழுக்கும்போது திறக்கும், தள்ளும்போது மூடும். என்ஜின் கிளம்பவில்லை என்றால் பாதி நேரம் குற்றவாளி இதுதான். ஒரு தூசி மாட்டினாலும் மூடாது. இன்னொரு வேடிக்கை, இந்தத் தகட்டுக்கு முன் பின் தெரியாது. அதனால் என்ஜின் சில சமயம் தலைகீழாகச் சுற்ற ஆரம்பித்துவிடும்!

பிஸ்டனை மேல்வழியாக எடுக்கலாம். அதை கனெக்டிங் ராடு பிடித்திருக்கும் விதம் அழகு. ஊசி ஆணி கிடையாது, நம் தோள் மூட்டு மாதிரி பந்துக் கிண்ண மூட்டு. நாளாக நாளாக அது லொடலொட என்று ஆகும். அப்போது அதற்கான கருவியை வைத்து லேசாகத் தட்டி இறுக்குவார்கள். ஒரு தாள் கனத்துக்கு ஆட்டம் இருந்தே தீரவேண்டும். ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டால் மூட்டு பிடித்துக்கொள்ளும். முன்பக்கம் விசிறியைத் தாங்கும் தட்டையும் கிராங்கையும் காரணமில்லாமல் கழற்றாதீர்கள். அழுத்திப் பொருத்தியது அது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிடி விடும்.

மாட்டும்போது எல்லாவற்றிலும் ஒரு சொட்டு மெல்லிய மெஷின் எண்ணெய் விடுங்கள். மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், சிலிண்டர் இரும்பு, துரு வரும். ஓட்டி முடித்த ஒவ்வொரு முறையும் மிச்ச எரிபொருளைக் கொட்டிவிட்டு இதைச் செய்தால் முப்பது வருடச் சிக்கும் வராது.

எல்லாம் சரியா என்று பார்க்க பேட்டரியே இல்லாமல் விசிறியை மெதுவாக விரலால் தள்ளுங்கள். மேலே ஏறும்போது விறைத்து நின்று, பிறகு 'பக்' என்று நழுவ வேண்டும். கடைசியாகச் சுருள் கம்பி. 1.5 வோல்ட் கொடுத்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வேண்டும். ஒளிரவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கும், அதற்கு வைத்தியம் கிடையாது. கம்பியும் மூடியும் ஒன்றாகவே செய்யப்பட்டவை, முழு மூடியையும் மாற்ற வேண்டும். காக்ஸ் கம்பெனியோ 1996-இல் வேறு கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. அதனால் சிலர் பழைய மூடியைத் தேடி வாங்குகிறார்கள். சிலர் தனியாகக் கழற்றி மாட்டுகிற பிளக் பொருந்தும்படி வேறு மூடி போட்டுக்கொள்கிறார்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி