போட்ட சாலையும் காக்கும் கையும்

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் நீளமுடையது. அப்பாதையில், மலையின் மேற்குப் புறத்தே அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. முழுநிலா நாள்களில் இலட்சக்கணக்கானோர் இவ்வூரைக் கடந்து வெறுங்காலுடன் நடக்கின்றனர். சாலையின் மேற்பரப்பு பெயர்ந்து சல்லி தலைகாட்டினால் வண்டியில் செல்வோர்க்கு அது ஒரு குலுக்கல். நடப்போர்க்கோ உள்ளங்காலில் காயம்.

தார்ச்சாலை என்பது கறுப்பு மேற்பூச்சு மட்டுமன்று. அதன் கீழே சல்லி அடுக்குகளும், அவற்றின் கீழே இறுக்கப்பட்ட மண்ணும் உள்ளன. மேற்பரப்பில் விழும் மயிரிழை விரிசல் முதலில் கண்ணுக்கே தெரிவதில்லை. மழைநீர் அதன்வழி இறங்கி அடிமண்ணை இளக்குகிறது. அதன்மேல் ஏறும் சக்கரம் பள்ளத்தைப் பறிக்கிறது. வண்டியின் சுமையும் இதற்குத் துணைபோகிறது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த சாலை ஆய்வு, அச்சின் சுமை இருமடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் எனக் காட்டியது. ஆகவே விரிசலை உரிய காலத்தில் அடைப்பதும், ஓரத்து வடிகாலைத் தூர்வாருவதும் சிறுவேலைகள் போலத் தோன்றினும், சாலையின் ஆயுள் அவற்றிலேதான் இருக்கிறது.

இவ்வேலையை யாரிடம், எம்முறையில் ஒப்படைப்பது? பழைய முறையில் ஒப்பந்ததாரர் செய்த வேலையின் அளவுக்கே பணம் பெற்றார். எத்தனை சதுர மீட்டர் ஒட்டுப்போட்டாரோ அத்தனைக்குக் கூலி. பள்ளம் பெருகினால் அவர் வரவும் பெருகும் என்பது இம்முறையின் விந்தை. இதற்கு மாற்றாக வந்ததே செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்தம். இதில் சாலை எந்நிலையில் இருக்க வேண்டும் என்பதை அரசு வரையறுக்கும். அந்நிலையில் வைத்திருப்பதற்காக ஒப்பந்ததாரர்க்குக் காலமுறைப்படி தொகை வழங்கப்படும். பள்ளம் குறித்த நாளுக்குள் அடைக்கப்படாவிடின் தொகை பிடிக்கப்படும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 1988ஆம் ஆண்டிலேயே சாலைப் பராமரிப்பைத் தனியாரிடம் அளித்தது. அர்ஜென்டினா 1990களில் நிலைகுறித்த ஒப்பந்தங்களைப் பரவலாக்கியது. தமிழ்நாட்டில் நெடுஞ்சாலைத்துறை பொள்ளாச்சிக் கோட்டத்தில் இம்முறையை ஐந்தாண்டு ஒப்பந்தமாக முன்னோடியாய்த் தொடங்கிப் பின்னர் வேறு கோட்டங்களுக்கும் விரித்தது. தொடக்கச் சீரமைப்பு, அன்றாடப் பராமரிப்பு, காலமுறைப் புதுப்பிப்பு, வெள்ளம் போன்ற நெருக்கடிக்காலப் பணி ஆகிய அனைத்தும் ஒரே ஒப்பந்தத்துள் அடங்கின.

இம்முறையை எதிர்ப்போரும் உளர். 1997இல் பணியமர்த்தப்பட்ட சாலைப் பணியாளர் ஏறத்தாழ பத்தாயிரவர் 2002இல் நீக்கப்பட்டு 2006இல் மீண்டும் சேர்க்கப்பட்டனர். பராமரிப்பு தனியார்வசமானால் தம் பணியிடங்கள் அருகிவிடும் என்னும் அவர்தம் சங்கத்தாரின் அச்சம், பட்டறிவில் விளைந்தது. தம் பகுதிச் சாலையின் ஒவ்வொரு மதகையும் அறிந்த பணியாளரின் அறிவு, ஒப்பந்தத் தாளில் எழுதத்தக்கதன்று என்பதும் எண்ணத்தக்கது.

மற்றொரு குறையும் உண்டு. ஒப்பந்தம் எதை அளக்கிறதோ அதுவே காக்கப்படும். சாலையின் கரடுமுரடு, ஓடும் வண்டியின் அதிர்வைக்கொண்டே பெரும்பாலும் அளக்கப்படுகிறது. வெறுங்காலின் துன்பம் அக்கருவியில் பதிவதில்லை. கிரிவலப் பாதை போன்ற சாலைக்கு நடைபாதையின் நிலையும் தனியே எழுதப்பட வேண்டும்.

இன்னும் நுட்பமானது இறுதியாண்டுச் சிக்கல். காலம் முடியும் தறுவாயில் ஒப்பந்ததாரர் மேற்பூச்சை மட்டும் பளபளப்பாக்கி ஒப்படைத்துவிடலாம். அடியில் உள்ள தளர்ச்சி அடுத்த மழையில்தான் வெளிப்படும். இதனைக் கண்டறியப் பெங்கல்மன் கோல் என்னும் கருவி உண்டு. சுமையேற்றிய லாரியின் சக்கரத்தின்கீழ்ச் சாலை எத்தனை மில்லிமீட்டர் அமிழ்ந்து எழுகிறது என்பதை அது காட்டும். அவ்வளவை ஒப்பந்தத்தின் முதலாண்டிலேயே குறித்துவைத்து, ஒப்படைக்கும் நாளில் மீண்டும் அளந்து ஒப்பிடுவது துறைப் பொறியாளரின் பொறுப்பு.