கட்டுநாயக்காவுக்கு இன்னும் 74 கிலோ மீற்றர்

டுபாய்க்கு வேலைக்குப் போகும் தாய் ஒருவரின் டிக்கட்டில், காலை 10 மணிக்குக் கட்டுநாயக்காவில் புறப்பட்டு, பகல் 1 மணிக்கு டுபாயில் இறங்குவதாகப் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "அட, மூணே மணித்தியாலமா! நம்ம பொல்பிட்டியவிலிருந்து பஸ் ஏறி கட்டுநாயக்கா போறதுக்கே அதைவிடக் கூட நேரம் பிடிக்குமே" என்று நினைப்போம். ஆனால் புறப்படும் நேரம் இலங்கை மணி, இறங்கும் நேரம் டுபாய் மணி. டுபாய் மணி நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால் போகிறது. அதையும் கூட்டினால் பிரயாணம் நாலரை மணித்தியாலம். வீட்டில் போனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

தூரத்தை வைத்தும் சரிபார்க்கலாம். கட்டுநாயக்காவிலிருந்து டுபாய் நேர்கோட்டில் சுமார் 3,300 கிலோ மீற்றர். பெரிய ஜெட் விமானம் மணிக்கு சுமார் 850 கிலோ மீற்றர் பறக்கும். வகுத்துப் பார்த்தால் நாலு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. மேலே ஏறவும் கீழே இறங்கவும் வேகம் குறைவதால் அரை மணித்தியாலம் சேர்த்துக்கொள்வோம்.

இப்படித் தூரமும் நேரமும் பார்க்கும் கணக்கு நம்ம மலையிலும் ஒரு தரம் பிழைத்தது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி, நெதர்லாந்தின் மார்ட்டின் ஏர் கம்பனியின் டி.சி. 8 விமானம் இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்குக் கிளம்பியது. ஹஜ் யாத்திரிகர்கள் 182 பேர், விமானப் பணியாளர்கள் 9 பேர். வழியில் கட்டுநாயக்காவில் இறங்க வேண்டும். சுரபாயாவிலிருந்து கட்டுநாயக்கா சுமார் 4,000 கிலோ மீற்றர். நம்ம நேரப்படி மாலை ஐந்தரை மணி போலக் கிளம்பிய விமானம், இரவு பத்து மணிக்குப் பிறகு இருட்டில் இறங்க ஆயத்தமானது.

ஆனால் விமானம் அப்போது நம்ம மலைநாட்டுக்கு மேலேதான் வந்துகொண்டிருந்தது. நோட்டன் பிரிட்ஜுக்குப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில், 4,300 அடி உயரத்தில் மோதியது. 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

அங்கிருந்து கட்டுநாயக்கா 40 கடல் மைல். விமானிகள் கடல் மைலில்தான் தூரம் சொல்வார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோ மீற்றர். பெருக்கினால் 74 கிலோ மீற்றர். முழுப் பிரயாணத்தில் இது ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. இறங்கும் வேகத்தில் போனாலும் பத்து நிமிஷத் தூரம்தான். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்குள்தான் மலை நிற்கிறது!

விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைப் பணியாளர்கள் பிழையாக எடுத்துக்கொண்டு, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் என்று விசாரணையில் முடிவானது. தூரம் காட்டிய டொப்ளர் கருவியையும், காலநிலை ராடரையும் நம்பியிருந்தார்கள். அவை காட்டியதைத் தப்பாக விளங்கிக்கொள்ள இடமிருந்தது. இப்போதைய விமானங்களில் தரை நெருங்கினால் சத்தம் போட்டு எச்சரிக்கும் கருவி உண்டு.

அந்த விமானத்தின் டயர் ஒன்றை நோட்டன் பிரிட்ஜில் நினைவாக வைத்தார்கள். நம்மில் பெரியவர்கள் பலர் அதைப் பார்த்திருப்பார்கள்.