பொம்மை பெங்களூருக்குப் போகிறது: ஜிஎஸ்டி எடுக்கணுமா?

“தலையாட்டி பொம்மை செய்து இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். பெங்களூரிலிருந்து ஆர்டர் வருகிறது. ஜிஎஸ்டி எடுக்காமல் அனுப்பலாமா?” கைவினைத் தொழிலில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. அக்கம்பக்கத்தில் கேட்டால், “எதுக்கு வம்பு, எடுத்துடு” என்பார்கள். அவசரப்படாதீர்கள். எவ்வளவு விற்கிறீர்கள் என்பதைவிட, என்ன பொருளை, எந்த வழியாக விற்கிறீர்கள் என்பதுதான் இதை முடிவு செய்கிறது.

முதலில் தொழில் பதிவு. தனி ஆளாக நடத்தும் தொழிலுக்குக் கம்பெனி எதுவும் தொடங்க வேண்டியதில்லை. உங்கள் பான் எண்தான் தொழிலின் பான் எண். ஆதாரை வைத்து, சிறுதொழில்களுக்கான ‘உத்யம்’ பதிவு செய்துகொள்ளுங்கள். நடப்புக் கணக்கு தொடங்கவும் தொழில்கடன் கேட்கவும் அந்தச் சான்றிதழ் கைகொடுக்கும். உத்யம், ஜிஎஸ்டி இரண்டுக்குமே அரசு பதிவுக் கட்டணம் வாங்குவதில்லை. இணையத்தில் தேடும்போது அரசுத் தளம் போலவே இருந்து பணம் கேட்கும் தளங்கள் முன்னால் வந்து நிற்கும், ஏமாற வேண்டாம்.

இனி ஜிஎஸ்டி. தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு தஞ்சாவூர் ஓவிய வகுப்பும் எடுத்தால் அது சேவை. பொருளும் சேவையும் சேர்ந்தால் வரம்பு 20 லட்சத்துக்கு இறங்கிவிடும். வகுப்புப் பணத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அகல் விளக்கும் மண்பானையும் மட்டுமே செய்பவருக்கு இந்தக் கவலையே இல்லை. அவற்றுக்கு வரி கிடையாது, பதிவும் தேவையில்லை.

வெளிமாநில விற்பனைக்குப் பொது விதி கடுமையானது. வரி உள்ள பொருளில் ஒரு ரூபாய்க்கு விற்றாலும் பதிவு வேண்டும். கைவினைப் பொருளுக்கு மட்டும் 2017இலேயே விலக்கு தந்தார்கள். 2018 அக்டோபரில் அதை விரிவாக்கினார்கள். வெளிமாநில விற்பனை ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவில்லாமலே அனுப்பலாம். ஆனால் பொருள் அரசின் கைவினைப் பட்டியலில் இருக்க வேண்டும். தஞ்சாவூர் பொம்மையும் தஞ்சாவூர் ஓவியமும் அதில் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. மண்பாண்டம், மூங்கில் பொருள், கோரைப்பாய், செதுக்கிய மரப்பொருள் போன்றவையும் உண்டு. வீட்டில் காய்ச்சிய சோப்பையும் ஊறுகாயையும் கையால்தான் செய்கிறோம் என்றாலும் அவை இதில் வரா.

இந்த விலக்கோடு பலருக்குத் தெரியாத நிபந்தனை ஒன்று வருகிறது. வெளிமாநிலம் போகும் மற்ற சரக்குக்குப் பொதுவாக மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் இ-வே பில் (சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டு) வேண்டும். விலக்கில் அனுப்பும் கைவினைப் பொருளுக்கோ மதிப்பு 800 ரூபாயாக இருந்தாலும் அது வேண்டும். ஜிஎஸ்டி எண் இல்லாதவரும் இ-வே பில் தளத்தில் இதை எடுக்கலாம். தபால் துறை மூலம் போகும் பார்சலுக்கு மட்டும் இ-வே பில் தேவையில்லை. அதனால் ஒன்றிரண்டு பொம்மை அனுப்புகிறவருக்கு ஸ்பீட் போஸ்ட்தான் நிம்மதி. இன்னொன்று: பதிவு இல்லாதவர் பில்லில் ‘ஜிஎஸ்டி’ என்று போட்டு ஒரு பைசாகூட வாங்கக் கூடாது.

அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்களில் ஏறிவிட்டால் கதை வேறு. 2023 அக்டோபர் முதல் பதிவில்லாதவரும் பான் எண்ணைக் காட்டிச் சேர்க்கை எண் (enrolment) பெற்று அங்கே விற்கலாம், ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். அந்தத் தளம் வழியாகப் பெங்களூருக்கு அனுப்ப ஜிஎஸ்டி எடுத்தே ஆக வேண்டும். பெரிய கடைகளுக்கு மொத்தமாகக் கொடுப்பவருக்கும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். அந்தக் கடைகளுக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) முக்கியம், ஜிஎஸ்டி பில் தராதவரிடம் வாங்கத் தயங்குவார்கள்.

ஜிஎஸ்டி எடுத்தபின் மாநிலத்துக்கு மாநிலம் பதிவு வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டுக்குரிய 33இல் தொடங்கும் ஒரே எண் போதும். 2025 செப்டம்பர் 22 முதல் பல கைவினைப் பொருட்களுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகியிருக்கிறது. 1,000 ரூபாய் பொம்மை கோவைக்குப் போனால் மத்திய வரி 25, மாநில வரி 25. பெங்களூருக்குப் போனால் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாக 50. வாங்குபவர் தருவது ஒரே தொகைதான், பில்லில் போடும் தலைப்புத்தான் மாறும். ஆனால் விற்பனைத் தளத்தின் வெளிமாநிலக் கிடங்கில் சரக்கை வைத்து விற்றால் அந்த மாநிலத்திலும் பதிவு வேண்டும். “உங்கள் சரக்கை எங்கள் கிடங்கிலேயே வையுங்கள்” என்று அழைக்கும்போது இதைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

1 சதவீதம் கட்டினால் போதும் என்று ஆடிட்டர் காம்போசிஷன் திட்டத்தைச் சொல்லலாம். உள்ளூர் விற்பனைக்கு நல்ல திட்டம்தான். அதில் இருந்துகொண்டு வெளிமாநிலத்துக்கு அனுப்ப முடியாது என்பதால் உங்களுக்கு ஒத்துவராது.

பதிவு எடுத்தபின் விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டன் போட வேண்டும் என்பதை மறந்துதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சும்மா இருந்த மாதத்துக்கும் தாமதக் கட்டணம் ஏறும். காலாண்டுக்கு ஒருமுறை போடும் வசதியைக் கேட்டு வாங்குங்கள். விற்பனை பூஜ்யம் என்றால் எஸ்எம்எஸ் மூலமே முடித்துவிடலாம். தொழிலை நிறுத்தினால் பதிவையும் முறைப்படி ரத்து செய்யுங்கள், சும்மா விட்டுவிட்டால் கட்டணம் வளர்ந்துகொண்டே போகும்.

ஹரியானாவின் சூரஜ்குண்ட் மேளா போன்ற கண்காட்சிகளில் கடை போடுபவர்களுக்கும் அதே 20 லட்ச விலக்கு உண்டு. அந்த விலக்கில் வராதவர்கள் அந்த மாநிலத்தில் தற்காலிகப் பதிவு எடுக்க வேண்டும். கண்காட்சி தொடங்க 5 நாட்களுக்கு முன்பே விண்ணப்பித்து, உத்தேச வரியை முன்கூட்டியே கட்டினால் 90 நாள் வரை செல்லும். ஸ்டால் உறுதியான அன்றே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். சரக்கு லாரி ஏறியபின் அலைந்து பயனில்லை.