டார்வின் தலையில் விழுந்த பழி

நம்பிக்கை: ‘வலியவன் வாழ்வான், எளியவன் வீழ்வான்’ என்பது டார்வின் கண்ட இயற்கை விதி.

உண்மை: சுயமுன்னேற்ற மேடைகளில் டார்வின் பெயரால் அடிக்கடி முழங்கப்படும் வசனம் இது. ‘தக்கது பிழைக்கும்’ என்று 1864-இல் எழுதியவர் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர். 1859-இல் வந்த டார்வினின் நூலில் அந்தத் தொடர் கிடையாது. சக இயற்கையியலாளர் வாலஸின் யோசனையை ஏற்று, 1869-இல் ஐந்தாம் பதிப்பில்தான் அதைச் சேர்த்தார். அங்கும் பேச்சு உடல் வலிமையைப் பற்றியதல்ல. அந்தந்தச் சூழலில் பிழைத்து, அதிகச் சந்ததியை விட்டுச்செல்வதே தக்கது. இருட்டுக் குகையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து பார்வையை இழந்த மீன்கூட அந்த இடத்துக்குத் தக்கதுதான்.

ஏழைகளுக்கு அரசு உதவக் கூடாது என்று ஸ்பென்சர் வாதாடிய நூல் 1851-இலேயே வந்துவிட்டது. முடிவை முதலில் எடுத்துவிட்டு, அறிவியலின் முத்திரையைப் பிறகு தேடிக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

நம்பிக்கை: பரிணாமம் என்றாலே ஒருவரை ஒருவர் மிதித்து முன்னேறுவது.

உண்மை: ஒருவருக்கொருவர் உதவும் ஆட்கள் அதிகமுள்ள குழுவே மற்றக் குழுக்களை வெல்லும் என்று 1871-இல் வந்த நூலில் டார்வினே எழுதினார். அதற்காக அவரை முழுக்கக் குற்றமற்றவர் ஆக்கிவிடவும் முடியாது. நலிந்தவர்களும் பிள்ளை பெறுவதால் மனித இனம் சீர்கெடும் என்ற கவலை அதே நூலில் இருக்கிறது. ஆனாலும் அவர்களைக் கைவிடுவது நம் இயல்பின் உயர்ந்த பகுதியையே கெடுத்துவிடும் என்றும் அங்கேயே சொல்கிறார்.

நம்பிக்கை: அறிவும் ஒழுக்கமும் ரத்தத்தில் வருவது, ‘குறையுள்ளவர்கள்’ பிள்ளை பெறாமல் தடுத்தால் சமூகம் தேறும்.

உண்மை: டார்வினின் உறவினர் பிரான்சிஸ் கால்டன் 1883-இல் இதற்கு ‘யூஜெனிக்ஸ்’ என்று பெயர் வைத்தார். அமெரிக்காவில் இது சட்டமாகவே ஆனது. வர்ஜீனியாவில் கேரி பக் என்ற ஏழைப் பெண், வளர்ப்புக் குடும்பத்தின் உறவினன் ஒருவனால் வல்லுறவுக்கு ஆளாகிக் கருவுற்றாள். அந்தக் குடும்பமே ‘மந்தபுத்தி’ என்று சொல்லி அவளைக் காப்பகத்துக்கு அனுப்பியது. அவளுடைய தாய் ஏற்கெனவே அங்கே அடைக்கப்பட்டிருந்தார். கேரிக்குக் கருத்தடை செய்யலாமா என்ற வழக்கில், பிறந்து ஓராண்டுகூட ஆகாத மகள் விவியனைப் பார்த்துவிட்டு, இந்தக் குழந்தையும் சரியில்லை என்று சாட்சி சொன்னார்கள். மூன்று தலைமுறை மந்தபுத்தி போதும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ் 1927-இல் தீர்ப்பெழுதினார். ஒன்பது நீதிபதிகளில் மறுத்தவர் ஒருவரே. அந்த ஆண்டு அக்டோபரில் கேரிக்குக் கருத்தடை அறுவை செய்துவிட்டார்கள்.

விவியன் பள்ளிக்குப் போனாள். நன்றாகப் படிப்பவர்கள் பட்டியலில் அவள் பெயர் வந்தது. எட்டு வயதில் நோய்வாய்ப்பட்டு இறந்தாள். அவள் தாய் கேரியை முடக்கியது மரபணு அல்ல. வறுமையும், அவளுக்கு நேர்ந்த குற்றத்தை மூடி மறைத்தவர்களும்தான்.

அமெரிக்காவில் இப்படிக் கருத்தடை செய்யப்பட்டவர்கள் 60,000-க்கும் மேல். வர்ஜீனியாவின் ஆளுநர் 2002-இல் வருத்தம் தெரிவித்தார். ஆனால் 1927-ஆம் ஆண்டுத் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதுவரை வெளிப்படையாக ரத்து செய்யவில்லை.